மூன்றாம் கோடு

நான் சரியாகச் செய்த வேலைகளை எழுதித் தரும்படிதான் கேட்டீர்கள், பிள்ளைகள். அவை ஒரு பக்கம் கிடக்கட்டும். சரியான வேலையை நீங்களும் செய்வீர்கள். அதற்கு நான் வேண்டாம். நான் செய்த பிழை ஒன்றைச் சொல்கிறேன். ஐந்து சனிக்கிழமை, ஐந்து தடவை, மை சிந்தாமல் அழகான கையெழுத்தில் நான் எழுதி வைத்த பிழை அது. அதனால் ஒரு பெண்ணின் வேலையும் குடியிருந்த ஒற்றை அறைக் காம்பராவும் போகப் பார்த்தன. நல்ல காலம், போகவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் முதலில் வருவது பெருமூச்சுத்தான்.

முப்பதுகளின் நடுப்பகுதி. கண்டியில் ஒரு ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம். நீங்கள் இன்றைக்குப் 'பிசியோதெரபி' என்று வாய் நிறையப் பெயர் சொல்லிப் படிக்கிற இந்த வேலைக்கு அப்போது சரியான பெயர் கூட இல்லை. முறிந்த கை பொருந்தியதும், கழன்ற தோளைத் திரும்பப் பொருத்திப் போட்டதும், டொக்டர்மார் ஆளை எங்கள் அறைக்கு அனுப்புவார்கள். உருவிவிட்டு, மடக்கி நீட்டப் பழக்கி, பழையபடி வேலை செய்ய வைப்பது எங்கள் பொறுப்பு. தேயிலைத் தோட்டத்துச் சனங்களுக்குத் தாதி என்றால் 'மிஸி'; என்னை 'எண்ணெய் மிஸி' என்றுதான் சொல்வார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து தாதி வேலைக்குப் படித்துவிட்டு வந்தவளுக்கு இந்தப் பட்டம்! முதலில் முகம் சுளித்தேன். பிறகு பழகிவிட்டது.

எனக்கு இதைப் பழக்கியவர் ஒரு வெள்ளைக்கார அம்மா. உலகச் சண்டையில் கால் கை போன சிப்பாய்களை நடக்க வைத்த கைகள் அவருடையவை. ஊருக்குத் திரும்பும் நாளில் அறையைப் பூட்டித் திறக்கும் திறப்பை என் கையில் தந்து, "நீ மூட்டை நன்றாகப் பார்க்கிறாய். மூட்டுக்குச் சொந்தக்காரரைப் பார்ப்பதில்லை" என்றார். எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது. அவர் போனபின் நான் செய்த முதல் வேலை, சுவரில் கோடு போட்டது.

நீல நிறத்தில் ஐந்து கோடு. முதலாவது இடுப்பு மட்டம், இரண்டாவது நெஞ்சு, மூன்றாவது தோள், நான்காவது காது, ஐந்தாவது தலைக்கு மேலே கை முழுதாக நீளும் உயரம். குட்டையான ஆள் என்றால் காலுக்குக் கீழே பலகை வைத்து, தோள் மூன்றாம் கோட்டுக்கு வருகிற மாதிரி நிறுத்துவோம். பக்கவாட்டில் கையைத் தூக்கச் சொல்வோம். கை எந்தக் கோட்டில் நிற்கிறதோ அந்த இலக்கத்தைத் தாளில் எழுதுவோம். சனிக்கிழமைதோறும் பெரிய டொக்டர் வந்து பார்ப்பார். ஆறடிக்கு மேல் வளர்ந்த வெள்ளைக்காரர். அவருக்கு வசதியாக இருக்கட்டுமென்று சுவரோரமாக, கோடுகளுக்குப் பக்கத்திலேயே ஒரு கதிரை போட்டேன். அவர் உட்கார்ந்தபடியே கோட்டை வாசிக்கலாம். அந்தக் கதிரையை எவ்வளவு பெருமையோடு துடைத்து வைப்பேன் தெரியுமா!

அந்த நேரத்தில் என்னிடம் இரண்டு பேர் வேலை பழகிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி லெட்சுமி. தோட்டப் பள்ளிக்கூடத்து வாத்தியாரின் மகள்; தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், அந்தச் சனத்தின் நடுவிலேயே வளர்ந்தவள். அவர்களுக்கு நான் சொல்லிக் கொடுத்த முதல் பாடம் இது: "கண்ணால கண்டதை எல்லாம் எழுதக் கூடாது. கோடு சொல்லுறதை மட்டும் எழுது."

அங்கம்மா ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து எடுக்கிறவள். மழைக்குப் பிறகு, நிறைந்த கூடையோடு சரிவில் இறங்கும்போது தண்ணீர் ஓடும் கான் ஒன்றில் கால் வழுக்கி வலது தோளில் விழுந்திருக்கிறாள். தோள் கழன்றுவிட்டது. போட்டு, கட்டி, எங்களிடம் அனுப்பினார்கள். புருஷன் இல்லை. இரண்டு பெண் பிள்ளைகள். அவர்களைப் பக்கத்துக் காம்பராவில் விட்டுவிட்டு வந்திருந்தாள். தோட்டத்திலிருந்து கூடவே ஒரு கடிதமும் வந்தது. ஆறு கிழமைக்குள், அதாவது ஆறாவது சனிக்கிழமைக்குள், கொழுந்து எடுக்க ஏலும் என்று டொக்டர் எழுதித் தர வேண்டும். இல்லாவிட்டால் தோட்டத்துப் பதிவில் பேர் வெட்டப்படும். பேரை வெட்டினால் காம்பராவும் போய்விடும். இதை அவள் வந்த அன்றைக்கே சொல்லிவிட்டாள்.

"எப்படியாவது இந்தக் கையக் குடுத்திருங்க மிஸி. கொழுந்தைப் பறிச்சு முதுகுக் கூடைக்குப் போடணும்னா தோளுக்கு மேல கை போயாகணும். அது போதும் எனக்கு."

கிழமை நாட்களில் லெட்சுமிதான் அவளுக்குப் பயிற்சி கொடுத்தாள். நான் சனிக்கிழமை, டொக்டர் முன்னால், கோட்டில் நிறுத்திப் பார்ப்பேன். முதல் சனிக்கிழமை, மூன்று. சரி, புதிதுதானே. இரண்டாவது, மூன்று. மூன்றாவதும் மூன்று. "இன்னும் தூக்கு, இன்னும்" என்று நான் அதட்டுவேன். அவள் முதுகைக் கூனி, கழுத்தை உள்ளே இழுத்து, முகம் வெளுத்து நிற்பாள். "நோகுதோ?" என்று கேட்பேன். தலையை ஆட்டுவாள். 'வலி' என்று எழுதிக்கொள்வேன்.

நான்காம் கிழமை லெட்சுமி வந்து சொன்னாள்: "அக்கா, நேத்து அங்கம்மா ரெண்டு கையாலயும் பின்னுக்குக் கொண்டை போட்டுச்சு. நல்லாத் தூக்குச்சு."

"கோட்டில நிண்டு தூக்கினவவோ?"

"இல்லக்கா, கட்டில்ல ஒக்காந்துக்கிட்டு..."

"அப்ப ஏன் என்னட்டக் கொண்டு வாறாய்? போய் உன்ர வேலையைப் பார்."

பிள்ளை வாயை மூடிக்கொண்டு போய்விட்டாள். பழக வந்த ஒருத்தியின் வாயை அடைப்பது எவ்வளவு சுகமான வேலை என்று இப்போது மற்றவர்களுக்குப் பழக்குகிறவர்களுக்குத் தெரியும். நான் அந்தச் சுகத்தை நன்றாக அனுபவித்தேன். ஐந்தாம் சனிக்கிழமையும் மூன்று என்று எழுதினேன்.

ஆறாவது சனிக்கிழமை கடைசித் தவணை. மத்தியானம் தோட்டத்து லொறி வரும். டொக்டர் எழுதுகிற கடிதத்தையும் அங்கம்மாவையும் ஏற்றிக்கொண்டு போகும். காலை பத்தரை இருக்கும். டொக்டர் கூப்பிடுகிறார் என்று ஆள் வந்தது. போனேன். அவர் யன்னலடியில் நின்றார். விரலால் வெளியே காட்டினார்.

பின்வளவில் துணி காயப்போடும் கயிறு. அங்கம்மா துவைத்த சேலையை உதறி, வலது கையைத் தலைக்கு மேலே வீசி, அந்த உயரக் கயிற்றில் போட்டுக்கொண்டிருந்தாள். ஐந்தாம் கோட்டுக்குக் குறையாது. எந்த நோவும் முகத்தில் இல்லை. ஏதோ பாட்டும் பாடினாள் போலிருக்கிறது.

டொக்டரின் மேசையில் என் தாள் இருந்தது. மூன்று, மூன்று, மூன்று, மூன்று, மூன்று.

"ஐந்து கிழமையாக உன்னையும் என்னையும் ஏமாற்றியிருக்கிறாள்" என்றார் இங்கிலீஷில். "கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன். வேலைக்குக் கள்ளம் அடிக்கிறாள் என்று எழுதப் போகிறேன். உன் தாளே சாட்சி."

இந்த இடத்தில் நான் அவளுக்காக வாதாடினேன் என்று எழுத ஆசைதான். ஆனால் அப்படி நடக்கவில்லை. நானும் நம்பினேன். கை வராவிட்டால் அவளுக்குத்தானே நட்டம் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. டொக்டரை விட எனக்குத்தான் கோபம் கூட. என் கோட்டை, என் தாளை, என்னை ஒரு கொழுந்துக்காரி பேய்க்காட்டிவிட்டாளே! ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆத்திரக்காரிக்கு அதுவும் இல்லை. விறுவிறென்று பின்வளவுக்குப் போனேன். லெட்சுமியும் பின்னால் ஓடி வந்தாள்.

"கை தூக்க ஏலுமெண்டால் ஏன் இவ்வளவு நாளும் தூக்கேல்லை? என்னைப் பேய்க்காட்டினனியே?"

அங்கம்மாவின் கையிலிருந்த சட்டை கீழே விழுந்தது. "என்னங்க மிஸி? நான் என்னா செஞ்சேன்?"

"கோட்டடியில மூண்டுக்கு மேல கை போகுதில்லை. இஞ்ச கயிறு வரைக்கும் போகுது. எது பொய்?"

அவள் என்னையே பார்த்தாள். பயந்துதான் இருந்தாள். ஆனாலும் அந்தப் பார்வையில், இது கூடவா புரியவில்லை என்கிற ஆச்சரியம் இருந்தது.

"அங்க தொரை ஒக்காந்திருக்காருங்களே. அவரு தலைக்கு மேல நான் கையக் கொண்டு போறதா? கை ஓங்குன மாதிரி ஆயிருமே மிஸி! எங்க கங்காணி பாத்தா என்னத்துக்கு ஆவுறது?"

விழுந்த சட்டையைக் குனிந்து எடுத்தேன். பிறகு, "நோகுதோ எண்டு கேட்டனே, தலையாட்டினியே?" என்றேன். குரல் இறங்கிவிட்டது.

"தொரை முன்னால நீங்க கேட்டதுக்கெல்லாம் தலையாட்டினேன். இல்லைன்னு எப்படிச் சொல்றது? நீங்க இன்னும் தூக்கு தூக்குங்கறீங்க, எனக்கா வெடவெடங்குது. நீங்களும் எழுதிக்கிட்டீங்க. சரி, மிஸிக்குத் தெரியாததா, தொரைக்கு முன்னால இம்புட்டுத்தான்னு மிஸிக்கும் தெரியும்னு இருந்துட்டேன்."

லெட்சுமியைத் திரும்பிப் பார்த்தேன். "உனக்கு இது தெரியுமோ?"

"தோட்டத்துல எல்லாருக்கும் தெரியுங்கக்கா. துரை உக்காந்திருந்தா கையக் கட்டிக்கிட்டுக் குனிஞ்சுதான் நிப்பாங்க." பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. "உங்களுக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியாதுக்கா."

நான் அறைக்கு ஓடினேன். என் கதிரையில் நானே உட்கார்ந்து, டொக்டர் என்னை விட எவ்வளவு உயரம் என்று கையால் அளந்து பார்த்தேன். அவருடைய தலை உச்சி எங்கே வரும் தெரியுமா? மூன்றாம் கோட்டுக்குக் கொஞ்சமும் கூடாமல், குறையாமல். ஐந்து கிழமையாக நான் அளந்தது அங்கம்மாவின் தோளை அல்ல. டொக்டரின் உயரத்தைத்தான் அளந்து எழுதியிருக்கிறேன். தன் முதுகு தனக்குத் தெரியாது என்று சும்மாவா சொன்னார்கள்.

மணி பதினொன்று ஆகப் போகிறது. ஒரு குறுக்கு வழி என் மூளையில் ஓடியது. 'இந்தக் கிழமைதான் சட்டென்று சுகம் வந்தது, டொக்டர்' என்று சொல்லிவிடலாம். தாளும் தப்பும், நானும் தப்பலாம். ஆனால் அவர் நம்பாவிட்டால்? அங்கம்மாவின் கள்ளத்துக்கு நானும் உடந்தை என்று ஆகும். அவளுக்கு உள்ளதும் போகும். ஒரு பொய்யைச் சாட்டி அவளைத் துரத்தப் பார்க்கிறார்கள். நானும் இன்னொரு பொய்யோடு போய் நிற்பதா? என் வேலை போனாலும் யாழ்ப்பாணத்தில் எனக்கு வீடு இருந்தது. அவளுக்கு லயத்துக் காம்பராவை விட்டால் போக்கிடம் இல்லை. அதை நினைத்ததும் கால் தானாக நடந்தது.

டொக்டர் பேனையைத் திறந்துவிட்டார்.

"அரை மணித்தியாலம் தாருங்கள் டொக்டர். பிழை என்னுடையது. கதிரையை அங்கே போட்டது நான்."

"கதிரையா? என்ன கதிரை?"

சொன்னேன். அவர் நம்பவில்லை; சிரிக்கவுமில்லை. "அப்படியானால் வலிக்கிறது என்று ஏன் தலையாட்டினாள்? கதை நன்றாக இருக்கிறது. யாரும் எனக்கு முன்னால் நின்று இதைச் சொல்லலாம்" என்றார். நியாயமான கேள்விதான். கெட்ட மனிதர் அல்ல அவர். ஏமாந்துவிட்டேனே என்கிற எரிச்சல். அதே எரிச்சல் பத்து நிமிடத்துக்கு முன் எனக்கும் இருந்ததே.

அப்போதுதான் ஆண்கள் வார்ட்டில் இருந்த கிழவர் நினைவுக்கு வந்தார். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது கத்தி தவறிக் கால் பெருவிரலில் வெட்டுப்பட்டு வந்தவர். கைகளுக்கு ஒரு குறையும் இல்லை. தினமும் காலையில் வார்ட்டு வாசலில் நின்று இரண்டு கையையும் தலைக்கு மேலே குவித்துச் சூரியனைக் கும்பிடுவார். டொக்டரே அதைக் கண்டிருக்கிறார்.

"கால் விரலில் வெட்டுப்பட்ட அந்தக் கிழவருக்குத் தோளில் ஏதும் வருத்தம் உண்டா டொக்டர்?"

"இல்லை. ஏன்?"

"நீங்கள் வழக்கம்போல வந்து கதிரையில் இருங்கள். ஒன்றும் சொல்ல வேண்டாம்."

கிழவர் நொண்டி நொண்டி வந்தார். டொக்டர் கதிரையில் இருப்பதைக் கண்டதும் தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்தார். பலகையில் ஏற்றி நிறுத்தினேன். இவர் மட்டும் கையைத் தூக்கிவிட்டால் எல்லாம் முடிந்தது.

"கையைத் தூக்குங்கோ ஐயா."

தூக்கினார். இடுப்பு. நெஞ்சு. தோள். கை அங்கேயே நின்றது.

"இன்னும்."

முதுகு கூனியது. கழுத்து உள்ளே போனது. அங்கம்மா நின்றதை அப்படியே அச்சில் வார்த்த மாதிரி நின்றார். "போதுங்களா?" என்றார் மெதுவாக.

"நோகுதோ ஐயா?"

தலையை ஆட்டினார்.

டொக்டர் கதிரையிலிருந்து எழுந்துவிட்டார். வெளியே போய்க் கதவுக்குப் பின்னால் நின்றார். நான் கதிரையைத் தூக்கி மூலையில் வைத்தேன். "இப்ப தூக்குங்கோ" என்றேன். கிழவரின் கை விறுக்கென்று ஐந்தாம் கோட்டைத் தாண்டியது. "இதுக்குத்தான் கூப்பிட்டீங்களா? நான் என்னமோ ஏதோன்னு..." என்று சிரித்தார். கிழவருக்கு இரண்டு முன்பல் இல்லை. உலகத்திலேயே அழகான சிரிப்பு அதுதான் என்று அந்த நிமிடம் எனக்குத் தோன்றியது.

பிறகு அங்கம்மா. கதிரை இல்லை, டொக்டர் கதவுக்குப் பின்னால். ஐந்தாம் கோடு. அத்தோடு விடவில்லை நான். அழுக்குத் துணிக் கூடை ஒன்றைக் காயத்துக்குக் கட்டும் துணியால் கட்டி, அவள் தலையில் மாட்டி முதுகில் தொங்கவிட்டோம். செம்பருத்தி வேலியில் இலை பறிக்கச் சொன்னோம். கை இரண்டும் பறித்துப் பறித்துத் தோளுக்கு மேலால் பின்னுக்குப் போட்ட வேகத்தைப் பார்க்க வேண்டுமே! வேலி மொட்டையாகிவிடும் என்று லெட்சுமிதான் நிறுத்தினாள். டொக்டர் யன்னலுக்குள் நின்று எல்லாவற்றையும் பார்த்தார்.

கடிதத்தை என் முன்னால்தான் எழுதினார். கொழுந்து எடுக்கலாம், முதல் இரண்டு கிழமை அரைக் கூடை. கையெழுத்துப் போட்டுவிட்டு என் தாளைத் தள்ளினார். "இதை என்ன செய்யப் போகிறாய்?" நான் ஐந்து மூன்றுகளையும் வெட்டாமல், கீழே எழுதினேன்: 'அளந்த முறை பிழை. பிழை என்னுடையது.' அவர் வாசித்தார். பேனையை வாங்கி, 'என்னுடையதும்' என்று ஒரு சொல் சேர்த்தார். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

அன்றைக்குப் பின்னேரம் பழைய தாள்களை எடுத்துப் பார்த்தேன். தோட்டத்திலிருந்து வந்து மூன்றாம் கோட்டோடு நின்று, 'ஏலாது' என்று போன இரண்டு பேரின் தாள்கள் இருந்தன. இரண்டு தோட்டத்துக்கும் கடிதம் போட்டோம். ஒருவர் திரும்பி வந்தார். மற்றவர் எங்கே போனாரென்று தெரியவில்லை. அந்த ஒரு தாள் மட்டும் இன்னும் என் மனதில் கிடக்கிறது. அதை உங்களிடம் மறைக்க மாட்டேன்.

கதிரையை நான் அறையை விட்டே எடுத்துவிட்டேன். கோட்டை அழிக்கவில்லை, பாவம், கோடு என்ன செய்யும்? ஆனால் அதற்குப் பிறகு அளக்க முன்னால், ஆள் யாருக்கு முன்னால் நிற்கிறார் என்று பார்க்கப் பழகினேன். கொழுந்துக்காரிக்குக் கூடை கொடுத்துப் பார்த்தேன். கட்டுகஸ்தோட்டையிலிருந்து வந்த கடைக்காரர் ஒருவருக்குத் தராசு கொடுத்துப் பார்த்தேன். லெட்சுமியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் வெட்கப்பட்டு ஓடிப் போனாள். பிறகு அவள் வாயை அடைக்க யாராலும் முடியவில்லை, என்னாலும்தான்.

லொறி வந்த நேரத்தைச் சொல்லாமல் விட்டேனே. அங்கம்மா மூட்டையோடு பின்னால் ஏறி நின்றாள். நான் விறாந்தைப் படியில் நின்றேன். லொறி நகரத் தொடங்கியதும் வலது கையை உயர்த்தி, "போயிட்டு வர்றேன் மிஸி!" என்று கத்தினாள். அந்த நேரம் பார்த்து டொக்டர் தன் காருக்குப் போக விறாந்தைக்கு வந்து என் பக்கத்தில் நின்றார். அங்கம்மாவின் கை பொத்தென்று நெஞ்சுக்கு இறங்கியது. தலையும் குனிந்தது.

டொக்டர் அதைக் கண்டார். என்னைப் பார்த்தார். பிறகு, அவ்வளவு பெரிய மனிதர், ஒதுங்கிப் போய்த் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டார். தூண் அவருக்குப் போதவில்லை. வயிறும் தொப்பியும் வெளியே தெரிந்தன. ஆனாலும் அங்கம்மாவுக்கு அது போதுமாக இருந்தது. கை மறுபடியும் எழும்பியது, தலைக்கு மேலே, விரல் நுனி வரைக்கும் நீண்டு.

"மிஸி! இப்ப எத்தனாவது கோடு?"

ஐந்து விரலையும் விரித்து, என் கையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினேன்.